பாஸ்வேர்டில் இருந்த பிள்ளை

என் ஓரகத்திக்கு எங்கள் வீட்டில் பூட்டு என்று பெயர். வைத்தது என் வீட்டுக்காரர். அண்ணன் மனைவியைக் கேலி செய்ய அவருக்கு உரிமை உண்டு, எனக்கு இல்லை. அதனால் நான் முகத்துக்கு நேரே அக்கா என்றும் முதுகுக்குப் பின்னால் பூட்டு என்றும் சொல்லி வந்தேன். அவளுக்கு இரண்டும் தெரியும்.

வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்குவாள், மறுபடி ஏறி இழுத்துப் பார்ப்பாள். பார்சல் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டாள். மேலே ஒட்டியிருக்கும் விலாசச் சீட்டை உரித்து, நனைத்து, கூழாக உருட்டிக் குப்பையில் போட்ட பிறகுதான் பெட்டியைத் தொடுவாள். அடையாள அட்டையின் நகலை யாருக்குக் கொடுத்தாலும், எதற்காகக் கொடுக்கிறாள் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுப்பாள். ஏடிஎம்மில் ஒரு நாள் அவள் பின்னால் நின்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லு. உன்னைச் சந்தேகப்படல, பழக்கம்" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. நீல நாற்காலிகளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். வெளியே வந்ததும் கார்டு மெஷினை நீட்டிப் பணம் வாங்க வேண்டும். அவர்கள் பின் நம்பரை அழுத்தும்போது இவள் தலையை முழுசாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். மரத்துப்போன வாயோடு, பஞ்சைக் கடித்துக்கொண்டு, "நீயே போட்டுக்கோம்மா" என்று நம்பரை உளறுகிறவர்களும் உண்டு. அப்போது இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். டாக்டர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவள் போனில் ஏமாந்தாள். யாரோ கூப்பிட்டு, மெசேஜில் வந்த நம்பரைக் கேட்டு, இவளும் சொல்லி, கணக்கு துடைத்துவிட்டாற்போல் ஆனது. சொந்தமாக ஒரு வீடு வாங்க முன்பணத்துக்கென்று அவளும் அவள் புருஷனான என் மூத்தாரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அது. கேள்விப்பட்டதும் நான் சிரித்தேன். யாரோ வேறு ஆளைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதி வைத்ததால் பட்ட பாடு போதும்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, மூத்தார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இனிமே இந்த வீட்ல அந்தப் பேரை யாரும் சொல்லாதீங்க."

அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சினார். சொன்னால் அவர் தாங்க மாட்டார் என்று எங்களுக்கும் தெரிந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை ஏதோ கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஒரு அம்மா தன் பிள்ளையை வராந்தாவில் அதே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். மறுநாள் வரை யாரோடும் பேசவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இன்னும் ஜாக்கிரதையானோம். பக்கத்து வீட்டுக்கு அதே பெயரில் ஒரு பிள்ளை குடிவந்தது. அதை நாங்கள் எல்லாரும் "பக்கத்து வீட்டுப் பாப்பா" என்றுதான் சொன்னோம், அதற்கு மீசை முளைத்த தம்பி வந்து நிற்கும் வயதிலும்.

பெயர் அப்படியே வீட்டைவிட்டுப் போய்விட்டது. போனது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பாங்குக்கு அவர்கள் இருவரோடு நானும் கூடப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சின்ன வயதுக்காரர். நாள் முழுக்க இப்படி அழுதுகொண்டு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து அவர் முகமே தொங்கிப்போயிருந்தது.

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்கே மேடம். படிக்கலையா?"

"படிச்சேன்" என்றாள் அக்கா.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

அவள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். பக்கத்தில் மூத்தார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். எப்போதோ திரைச்சீலை வாங்கிய ஒரு ஆன்லைன் கடையிலிருந்து எல்லாருடைய விவரமும் திருடுபோயிருக்கிறது. அந்தக் கடையில் இவள் வைத்திருந்த பாஸ்வேர்டுதான் ஈமெயிலுக்கும், பாங்குக்கும், கரண்ட் பில்லுக்கும், எல்லாவற்றுக்கும். "ஒரு சாவி கிடைச்சா எல்லாக் கதவும் திறக்கிற மாதிரி வச்சிருக்கீங்க. அது என்ன வார்த்தைன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம், யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். இன்னைக்கே எல்லாத்தையும் மாத்துங்க, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. இன்னொண்ணு, ஒரு தடவை ஏமாந்தவங்களைத் தேடி மறுபடி கூப்பிடுவாங்க. போன பணத்தைத் திருப்பித் தர்றோம்னு சொல்வாங்க. நம்பாதீங்க."

வெளியே வந்ததும் மூத்தார் வெடித்தார். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவியே. அப்படி என்னதான் சொன்னா அவ, மயக்கமருந்து போட்ட மாதிரி நம்பரைத் தூக்கிக் குடுத்திருக்க?"

நடுத்தெருவில் அவர் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அக்கா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

என்னிடம் அவள் சொன்னது மொட்டைமாடியில், துணி உலர்த்தும்போது. நான் விடவில்லை. நச்சரித்தேன். ஈரப் போர்வையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முகம் தெரியாததால்தான் சொல்ல முடிந்தது போலிருக்கிறது.

"சின்னப் பொண்ணு குரல். பாங்க்லேர்ந்து பேசறோம், உங்க பாஸ்வேர்டை நானே சொல்றேன், ஆமான்னு மட்டும் சொல்லுங்கன்னா. சொன்னா."

"என்ன சொன்னா?"

"பாப்பா பேரை."

என் கையிலிருந்த கிளிப் விழுந்தது.

"அதுதான் என் பாஸ்வேர்டு. எல்லாத்துக்கும் அதுதான். காலையில கிளினிக்ல கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல்ல அவளைத்தான் கூப்பிடுவேன். வாயால சொல்லலையே, விரலால தானே. அது உன் மூத்தாருக்குக் குடுத்த வாக்குல சேராதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

போர்வைக்குப் பின்னால் ஒரு துணியை உதறினாள். பிறகு அவளே தொடர்ந்தாள்.

"அவ சொன்ன உடனே திருடின்னு தெரிஞ்சுபோச்சு. பாங்க்ல யாரும் பாஸ்வேர்டைத் திருப்பிச் சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியாதா? ஆனா எத்தனை வருஷமாச்சு, ஒரு மனுஷக் குரல்ல அதைக் கேட்டு. இன்னும் ஒரு தடவை சொல்லேன்னு கேட்டேன். மறுபடி சொன்னா. வச்சிடுவாளோன்னு பயமா இருந்தது. நம்பர் குடுத்தாத்தான் மேல பேச முடியும்னா. குடுத்தேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூத்தார் மேல், அந்தத் திருடி மேல், இத்தனை வருஷம் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்த எங்கள் எல்லார் மேலும்தான்.

"சரி, போனது போச்சு. பாஸ்வேர்டை எல்லாம் மாத்திட்டீங்க இல்ல?"

"பாங்க்ல மாத்திட்டேன்."

"ஈமெயில்ல?"

போர்வையை விலக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. இறங்கிப் போயிருந்தாள்.

அவள் மாற்றவில்லை. மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு சாயங்காலம் நானே அவள் போனைப் பிடுங்கி உட்கார்ந்தேன். ஈமெயிலைத் திறந்ததும் வரிசையாகக் கடிதங்கள். எந்தக் கடையில் எவ்வளவு செலவு என்று கார்டு கம்பெனி ஒன்று அனுப்பியது. அப்படி ஒரு கார்டு அவளிடம் கிடையாது. ஆனால் அதில் அவள் பெயர் இருந்தது, அவள் பிறந்த தேதி இருந்தது. திருடி இவளுடைய விவரத்தைக் காட்டிப் புதுசாகக் கார்டு வாங்கியிருக்கிறாள். கடிதமெல்லாம் ஏற்கெனவே திறந்து படித்ததாக இருந்தது.

"அக்கா, இதையெல்லாம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மா இருந்தீங்களா? செருப்பு, முடி வெட்டினது, கேக் கடை. இதெல்லாம் உங்க தலையிலதான் விடியும், தெரியுமா?"

அவள் என் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாதிரி நிம்மதி. அதைப் பார்த்துத்தான் எனக்குக் குளிர் எடுத்தது.

"சினிமாவுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கா பாரு" என்றாள். "தனியாப் போகல."

"யாரு?"

"கேக்கும் சின்னதுதான் வாங்கறா. வீண் செலவு பண்றவ இல்ல. வயசும், பாப்பா இருந்திருந்தா இப்ப ஆகற வயசுதான் இருக்கும், குரலை வச்சுப் பார்த்தா."

"அவ திருடி அக்கா."

"தெரியும்" என்றாள். பைத்தியம் பிடித்தவள் சொல்வதுபோல் சொல்லவில்லை. கிளினிக்கில், டாக்டர் இன்று வரமாட்டார் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். "எனக்குத் தெரியும். நீ எனக்குச் சொல்ல வேணாம்."

திருடிக்கு மூளை உண்டு. ஈமெயில் பாஸ்வேர்டை அவள் மாற்றவே இல்லை. மாற்றினால் வீட்டுக்காரி விழித்துக்கொள்வாளே. வருகிற கடிதத்தை இவளும் படிக்கிறாள், அவளும் படிக்கிறாள். அந்த ஒரு பெயரை அழுத்தி இருவரும் ஒரே அறைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த அறையைப் பூட்ட மறுத்தாள். பூட்டாத ஒவ்வொரு நாளும் அவள் பேரில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. தெரிந்தும் புகார் செய்யாமல் இருந்தால் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள் என்று பாங்குக்காரர் எங்களிடம் சொல்லியிருந்தார். சேர்த்ததும் போய், சேர்க்கப்போவதும் போகும். மூத்தாரிடம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். எதை வைத்து ஆரம்பிப்பது? அந்தப் பெயர் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

எனக்கும் தொற்றிக்கொண்டது, அதுதான் கொடுமை. பேருந்தில் எதிரே ஒரு பெண் புதுச்செருப்போடு உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்ப்பேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவளுக்கு வலது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். அதைத் தேடுவேன். பிறகு என் மண்டையில் நானே குட்டிக்கொண்டு இறங்கிப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி போன் வந்தது. நானும் அக்காவும் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மூத்தாரை ஏதோ லிஃப்ட் பழுது என்று கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"மேடம், வணக்கம். போன தடவை உங்க பணம் தவறிப் போனதுக்கு வருத்தப்படறோம். அதைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு ஆயிருக்கு."

பாங்குக்காரர் சொன்னது சொன்னபடி நடந்தது. பயங்கரமான குரலாக இருக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்படி இல்லை. சாதாரணக் குரல், மூக்கடைத்த குரல். பின்னால் இன்னும் பல பேர் இதே மாதிரி பேசுவதும், ஒரு ஃபேன் கடகடவென்று சுற்றுவதும் கேட்டது.

நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் நகம் பதிந்தது.

"சரிபார்க்கறதுக்காக உங்க பாஸ்வேர்டை நானே சொல்றேன் மேடம். ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னாள். எங்கள் கூடத்தில், இத்தனை வருஷம் கழித்து, அந்தப் பெயர் தெளிவாக விழுந்தது.

வாசலில் ஏதோ கனமாக இறங்கிய சத்தம். மூத்தார் நின்றிருந்தார், கருவிப்பை தரையில் கிடந்தது. லிஃப்டில் பழுதே இல்லையாம், யாரோ மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். அதனால் போன வேகத்தில் திரும்பியிருக்கிறார். எங்களுக்கு அதெல்லாம் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த மனுஷன் இப்போது விழுந்துவிடப்போகிறார்.

அவர் விழவில்லை. மெதுவாக மேஜை வரை வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. கூச்சலிடப்போகிறார், அந்தப் பெண்ணின் பரம்பரையையே இழுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் போன் பக்கம் குனிந்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஃபேன் மட்டும் சுற்றியது.

"சார்?"

"சளி புடிச்சிருக்கா? குரல் அடைச்சிருக்கே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"லேசா" என்றது அந்தக் குரல். உடனே லைன் துண்டிக்கப்பட்டது.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அவர் காலடியில், மடித்த துணிக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். திரைச்சீலைக் கடை, பாஸ்வேர்டு, முதல் போன், புதுக் கார்டு, கேக், சினிமா டிக்கெட். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"காட்டு" என்றார் அவர்.

அவள் போனில் ஈமெயிலைத் திறந்து, பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்துக்குப் போய், பழையதை அழுத்தினாள். கட்டத்துக்குள் வெறும் புள்ளிகள் விழுந்தன.

"இதுல ஒண்ணும் தெரியலையே."

"இப்படித்தான் தெரியும். இத்தனை நாளும் நான் பார்த்தது இதைத்தான்."

கட்டத்தின் ஓரத்தில் இருந்த கண் படத்தை நான்தான் அமுக்கினேன். புள்ளிகள் போய் எழுத்துகள் வந்தன. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வாய்விட்டுப் படித்தார். பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை. மறந்துபோன பாஷையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இருந்தது. மறுபடி படித்தார். இந்த முறை கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"மாத்திடு" என்றார்.

"மாத்தினா இங்கயும் இருக்க மாட்டாளேங்க."

"இருக்க வேணாம். கண்டவங்களும் எடுத்துப் போட்டுக்கிட்டுத் திரியற இடத்துல எம்பொண்ணு இருக்க வேணாம். நான் சொல்றேன் அவ பேரை. நீ கேட்கறப்பல்லாம் சொல்றேன். மாத்து."

அக்காவின் விரல் வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணுமாக எதையோ அழுத்தினாள். பழைய பாஸ்வேர்டு இனி செல்லாது என்று போன் சொன்னது. அந்தக் கார்டை முடக்கச் சொல்லிக் கம்பெனிக்கு நான் பேசினேன். அந்தக் கடன் எங்களுடையது இல்லை என்று நிரூபிக்க அதற்குப் பிறகு நாங்கள் நாயாய் அலைந்தது தனிக் கதை. முன்பணம் திரும்பவே இல்லை. அவர்கள் இன்னும் எங்களோடு இதே வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அன்றைக்கே, இருட்டுவதற்கு முன்னால், போன் மறுபடி அடித்தது. அதே எண். கதவு சாத்தியிருப்பதைத் திருடி கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவர்களுக்கும் புரியாமல் இல்லை. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேஜையின் மேல் அது அடித்து, அதிர்ந்து, நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அக்காவின் கை ஒருமுறை தானாக எழுந்து, மறுபடி மடியில் விழுந்தது.

மூத்தார் போனை எடுக்கவில்லை. விழுந்துவிடாமல் உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சொன்னார். "இங்க யாரும் இல்லம்மா. நீ போ" என்றார்.

இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு அது நின்றது.

"அவளுக்குக் கேட்டிருக்குமா?" என்றாள் அக்கா.

எடுக்காத போனில் எப்படிக் கேட்கும் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. மூத்தார் முந்திக்கொண்டார்.

"கேட்டிருக்கும்" என்றார்.